பயன்பாட்டுச் சமூக உளவியலில் முதுநிலைப் பட்டம்: சேரும் முன்பும் சேர்ந்த பிறகும்

வீட்டில் கழிப்பறை கட்டியாகிவிட்டது, தண்ணீரும் வருகிறது. ஆனாலும் பெரியவர் விடியற்காலையில் சொம்பைத் தூக்கிக்கொண்டு வெளியேதான் போகிறார். பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், ஹரியானா கிராமங்களில் எடுக்கப்பட்டு 2014இல் வெளியான ஒரு கணக்கெடுப்பு இதைக் காட்டியது. நல்ல நிலையில் கழிப்பறை உள்ள வீடுகளில் 40 விழுக்காட்டுக்கும் மேலானவற்றில் ஒருவராவது வெளியே போய்க்கொண்டிருந்தார். தோண்டித் துருவியபோது, குழி நிரம்பினால் யார் அள்ளுவது என்ற கேள்வியும் அந்த வேலையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சாதி இழிவும் வெளியே வந்தன. செங்கல், சிமென்ட் கணக்கு மட்டும் பார்த்தவர்களுக்கு இது பிடிபடவில்லை.

இத்தகைய கேள்விகளை எடுத்துக்கொண்டு, காரணத்தை அளந்து, ஒரு மாற்றத்தைச் செய்துபார்த்து, பலித்ததா இல்லையா என்று எண்ணில் சொல்வதுதான் பயன்பாட்டுச் சமூக உளவியல். கவுன்சலிங் அறையில் எதிரே உட்கார்ந்து ஒருவர் துயரத்தைக் கேட்க வேண்டும் என்ற ஆசையோடு வருபவர்கள் முதல் செமஸ்டரிலேயே தடுமாறுவதற்குக் காரணம், இதில் பாதி நேரம் வினாத்தாளோடும் புள்ளியியலோடும் போவதுதான். இந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று பலகை மாட்டவும் முடியாது. அதற்கு இந்திய மறுவாழ்வுக் கழகம் அங்கீகரித்த தனிப் படிப்பும் பதிவும் வேண்டும். எது வேண்டும் என்பதை விண்ணப்பிக்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எங்கே படிப்பது

இந்தியாவில் பட்டத்தின் பெயரிலேயே "சமூக உளவியல்" என்று இருப்பது அரிது. பெரும்பாலும் எம்.ஏ. அல்லது எம்.எஸ்ஸி. அப்ளைடு சைக்காலஜி என்று இருக்கும். அதற்குள் சமூக உளவியல் ஒரு பகுதி. புதுச்சேரிப் பல்கலைக்கழகம், திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம், டெல்லிப் பல்கலைக்கழகத்தின் தெற்கு வளாகம் ஆகியவற்றில் இப்படிப்பட்ட படிப்புகள் உள்ளன. பெயரை நம்பாமல் பாடத்திட்டத்தை இறக்கிப் பாருங்கள். புள்ளியியலும் ஆய்வு முறையும் சேர்ந்து குறைந்தது இரண்டு தாள்களாவது இருக்கிறதா? நான்காவது செமஸ்டரில் ஆய்வேடு கட்டாயமா, விருப்பமா? களப்பணிக்கு கிரெடிட் உண்டா? விருப்பப் பாடப் பட்டியலில் சமுதாய உளவியல், சுற்றுச்சூழல் உளவியல், திட்ட மதிப்பீடு போன்றவை அச்சில் மட்டும் இருக்கின்றனவா, உண்மையில் நடத்தப்படுகின்றனவா? கடைசிக் கேள்விக்கு இணையதளம் பதில் சொல்லாது. அங்கே படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரைக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அஞ்சல் வழியில் படிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு உத்தரவிட்டிருக்கிறது. "இன்னும் சீட் இருக்கு" என்று யாராவது போன் செய்தால் பணம் கட்டாதீர்கள்.

வெளிநாட்டில் பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் இத்துறை வலுவானது. இரண்டு இடங்களிலும் ஓராண்டுப் படிப்பு. பிரிட்டனில் 180 கிரெடிட், அதில் ஆய்வேடு மட்டும் பொதுவாக 60. நெதர்லாந்தில் மொத்தம் 60 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 28 மணி நேர உழைப்பு என்று கணக்கு. இளநிலையில் எத்தனை மணி நேரம் புள்ளியியலும் ஆய்வு முறையும் படித்தீர்கள் என்று டச்சுப் பல்கலைக்கழகங்கள் துருவிப் பார்க்கும். மதிப்பெண் பட்டியலில் "சைக்காலஜிக்கல் ஸ்டாடிஸ்டிக்ஸ்" என்று ஒரு வரி இருந்தால் போதாது; அந்தத் தாளின் பாடத்திட்டத்தைத் துறைத்தலைவர் கையெழுத்தும் முத்திரையுமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியை விட்டு வந்த பிறகு இதற்காக அலைவது பெரிய பாடு.

சேர்க்கை

மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு சியூஇடி-பிஜி என்ற முதுநிலைப் பொது நுழைவுத் தேர்வு. அண்மை ஆண்டுகளில் விண்ணப்பம் டிசம்பரிலோ ஜனவரியிலோ திறந்து, மார்ச்சில் தேர்வு நடக்கிறது. 2025இல் 75 கேள்வி, 90 நிமிடம். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 கழியும். இளநிலை இறுதியாண்டில் இருப்பவர்களும் எழுதலாம். மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் தன்னாட்சிக் கல்லூரிகளுக்கும் தனித்தனி விண்ணப்பம்.

இடம் கைநழுவிப் போவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். தேர்வை எழுதிவிட்டு, பல்கலைக்கழகத்தின் சொந்த சேர்க்கைத் தளத்தில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்பதை மறந்துவிடுவது ஒன்று. மதிப்பெண் தானாகப் போய்ச் சேராது. மற்றது சாதிச் சான்றிதழ். தமிழ்நாடு அரசு தரும் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மத்திய நிறுவனங்களில் செல்லாது. மத்திய அரசின் படிவத்தில், கிரீமி லேயரில் வராதவர் என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும், அதுவும் பெரும்பாலும் சேரும் ஆண்டின் ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். மாநிலப் பட்டியலில் உள்ள சில சாதிகள் மத்தியப் பட்டியலில் இல்லை என்பதால் முதலில் அதைச் சரிபார்த்துவிட்டு, ஏப்ரல் முதல் வாரத்திலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். மே, ஜூனில் தாலுகா அலுவலகத்தில் கூட்டம் அள்ளும்.

வகுப்பு தொடங்கும் முன்

மூன்று மாதம் கையில் இருந்தால் கோட்பாடுகளை விட்டுவிட்டுப் புள்ளியியலைப் பிடியுங்கள். சராசரி, திட்ட விலக்கம், திட்டப் பிழை, ஒட்டுறவு, டி-சோதனை, அனோவா, ரெக்ரஷன். இந்த வரிசையில், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம். ஜாமோவி அல்லது ஜாஸ்ப் என்ற புள்ளியியல் மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். இரண்டும் இலவசம், சாதாரண மடிக்கணினியில் ஓடும். கட்டண மென்பொருளான எஸ்பிஎஸ்எஸ் கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும், ஆனால் விடுமுறையில் பூட்டிவிடுவார்கள். திருட்டுப் பதிப்பு வேண்டாம், தேவையுமில்லை. கணக்கு நன்றாக வருபவர்கள் நேராக ஆர் மொழிக்கே போகலாம்; பின்னால் வேலைக்கும் உதவும்.

கோட்பாடுகள் வகுப்பில் வந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து தேர்வு எழுதிவிடலாம், களத்துக்குப் போனால் நான்கைந்துதான் திரும்பத் திரும்பக் கைக்கு வரும். ஐசக் ஐசன் 1991இல் விரித்து எழுதிய திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு (மனப்போக்கு, நெறி, கட்டுப்பாட்டு உணர்வு மூன்றும் எண்ணத்தை உருவாக்கி, எண்ணம் செயலாகிறது என்பது), கோர்டன் ஆல்போர்ட் 1954இல் சொன்ன தொடர்புக் கருதுகோள் (தகுந்த சூழலில் பழகினால் குழுக்களுக்கு இடையிலான வெறுப்பு குறையும் என்பது), தாஜ்ஃபெல்லும் டர்னரும் 1979இல் எழுதிய சமூக அடையாளக் கோட்பாடு (நாம் சேர்ந்திருக்கும் குழுவே நம் அடையாளத்தின் ஒரு பகுதி என்பது), சமூக நெறிகள் (சுற்றியிருப்பவர்கள் என்ன செய்கிறார்கள், எதைச் சரி என்கிறார்கள் என்பவை) குறித்த ராபர்ட் சியால்டினியின் வேலைகள். இவற்றை அடிப்படை ஆய்வுக் கட்டுரையோடு சேர்த்துப் படியுங்கள்.

நெறிகளுக்கு ஓர் எடுத்துக்காட்டு. கலிஃபோர்னியாவின் சான் மார்கோஸ் நகரில் ஏறக்குறைய 300 வீடுகளுக்கு, "உங்கள் தெருவின் சராசரி மின் செலவு இவ்வளவு, உங்கள் வீட்டுச் செலவு இவ்வளவு" என்று சீட்டு மாட்டினார்கள். 2007இல் முடிவு வெளியானது. அதிகம் செலவழித்த வீடுகள் குறைத்தன. குறைவாகச் செலவழித்த வீடுகளோ, "நாம்தான் வீணாகச் சிக்கனம் பிடிக்கிறோம் போல" என்று கூட்டிவிட்டன! சிக்கனமான வீடுகளின் சீட்டில் ஒரு சிரித்த முகத்தை வரைந்ததும் அந்தப் பின்னடைவு மறைந்தது. "எல்லோரும் செய்கிறார்கள்" என்று சொல்வதும் "இது நல்லது" என்று சொல்வதும் வெவ்வேறு மருந்துகள். இது புரியாமல்தான் "நம்மூரில் பாதிப்பேர் வரி கட்டுவதில்லை" என்று நகராட்சிகள் விளம்பரம் கொடுத்து, கட்டுகிறவர்களையும் யோசிக்க வைக்கின்றன.

ஆய்வுக் கட்டுரையைக் கையில் எடுத்தால் முன்னுரையைத் தாண்டி முதலில் முறை, மாதிரியின் அளவு, முதல் அட்டவணை ஆகியவற்றைப் பாருங்கள். முன்னுரை எப்போதும் அழகாகத்தான் இருக்கும். 2015இல் வெளியான ஒரு கூட்டுமுயற்சியில் 100 உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்துபார்த்தார்கள். முதலில் வந்த முடிவு மீண்டும் கிடைத்தது 36 விழுக்காட்டில்தான், சமூக உளவியலில் இன்னும் குறைவு. ஆகவே பாடப்புத்தகத்தில் இருப்பதாலேயே ஒன்றை நம்பி ஆய்வேட்டை அதன்மேல் கட்டாதீர்கள். அது பின்னால் மறுபரிசோதனைக்கு உள்ளானதா என்று கைடைக் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலான ஆசிரியர்கள் மகிழவே செய்வார்கள்.

ஆய்வேடு: இங்கேதான் பட்டம் நிற்கிறது

நான்காவது செமஸ்டர் டிசம்பரிலோ ஜனவரியிலோ தொடங்கி, ஏப்ரல் கடைசியில் வைவா என்ற வாய்மொழித் தேர்வு. இடையில் பொங்கல், மாடல் தேர்வு, களத்தில் தேர்தலோ திருவிழாவோ. உண்மையில் கிடைப்பது பத்து வாரம். ஆகவே தலைப்பும், ஆய்வில் பங்கேற்பவர்களுக்குத் தீங்கு வராதா என்று பார்த்து அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்பமும் மூன்றாம் செமஸ்டர் முடிவதற்குள் போய்விட வேண்டும். குழு மாதத்துக்கு ஒருமுறை கூடினாலே அதிர்ஷ்டம்; ஒரு திருத்தம் சொன்னால் இன்னொரு மாதம் போகும்.

முதல் வேலை, தலைப்பை நறுக்குவது. "இளைஞர்களிடையே சாலைப் பாதுகாப்பு" என்பது தலைப்பு ஆகாது. எந்தச் செயல், யார் செய்வது, எந்த இடத்தில், எந்தக் கால எல்லைக்குள் என்று நான்கையும் சொல்ல முடிந்தால்தான் அளக்க முடியும். "இந்தக் கல்லூரியின் மாணவர்கள், கல்லூரிக்கு வரும்போது பைக்கின் பின் இருக்கையில், வார் பூட்டிய ஹெல்மெட் அணிவது, அடுத்த இரண்டு வாரத்தில்." இப்போது வேலை தொடங்கலாம். கீழே வருபவை எல்லாவற்றுக்கும் இதையே எடுத்துக்கொள்வோம்.

அளவுகோலைத் தேடும் முன் பத்துப் பதினைந்து பேரிடம் சும்மா பேசுங்கள். ஹெல்மெட் போட்டால் என்ன நல்லது, என்ன தொல்லை, யார் சொன்னால் போடுவீர்கள், எது தடை? இந்தப் பேச்சிலிருந்துதான் கேள்விகள் பிறக்க வேண்டும். பின்னால் உட்கார்பவர் விஷயத்தில் மனப்போக்கைவிடப் பெரிய தடை, வண்டியில் இரண்டாவது ஹெல்மெட்டே இல்லை என்பதாக இருக்கலாம். இருந்தாலும் கல்லூரியில் அதை எங்கே வைப்பது என்பதாக இருக்கலாம். அமெரிக்க வினாத்தாளை அப்படியே மொழிபெயர்த்தவருக்கு இது கடைசிவரை தெரியாது.

தமிழில் வினாத்தாள் எழுதுவது தனிக் கலை, இதைப் பாடத்திட்டம் சொல்லித்தருவதில்லை. ஆங்கிலத்திலிருந்து ஒருவர் தமிழாக்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் மறுபடி ஆங்கிலமாக்க, இரண்டையும் ஒப்பிடுவது வழக்கமான முறை. அது பொருள் பிசகைப் பிடிக்கும். நடைப் பிசகைப் பிடிக்காது. "தலைக்கவசம் அணிதல் குறித்த எனது மனப்பான்மை நேர்மறையானது" என்பது மொழிபெயர்ப்பில் முழு மதிப்பெண் வாங்கும், பதில் சொல்பவரோ விழிப்பார். திட்டமிட்ட நடத்தைக் கோட்பாட்டின் பகுதிகளை வைத்து இப்படி எழுதிப் பாருங்கள்:

"அடுத்த ரெண்டு வாரத்துல, காலேஜுக்கு பைக்ல பின்னாடி உக்காந்து வரும்போது ஹெல்மெட் போடணும்னு இருக்கேன்." இது எண்ணம்.

"எனக்கு முக்கியமானவங்க, நான் ஹெல்மெட் போடணும்னு நினைக்கிறாங்க." இது வேண்டுகோள் நெறி, அதாவது மற்றவர்கள் எதைச் சரி என்கிறார்கள் என்பது.

"என் கூட்டாளிங்கள்ல நிறையப் பேரு பின்னாடி உக்காந்து வரும்போது ஹெல்மெட் போடுறாங்க." இது நடப்பு நெறி, அதாவது மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது. மேலே சொன்ன மின்சாரச் சீட்டு ஆய்வு நினைவிருந்தால், இவை இரண்டையும் ஏன் கலக்கக் கூடாது என்பது புரியும்.

"நான் போடணும்னு நினைச்சா, போடுறதுல ஒரு சிரமமும் இருக்காது." இது கட்டுப்பாட்டு உணர்வு.

ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று வாக்கியம் வேண்டும். ஒரே வாக்கியத்தில் இரண்டு விஷயம் கூடாது: "ஹெல்மெட் பாதுகாப்பானது, வசதியானது" என்று கேட்டால் பாதுகாப்புக்கு ஆமாம், வசதிக்கு இல்லை என்பவர் எதைச் சொல்வார்? எதிர்மறை வாக்கியத்தில் இன்னும் சிக்கல். "ஹெல்மெட் போடாமல் போவது தப்பில்லை" என்பதற்கு ஒருவர் "ஆமா" என்றால், தப்பில்லை என்று ஒத்துக்கொள்கிறாரா, ஆமாம் தப்புதான் என்கிறாரா? முடிந்தவரை நேர்மறையாகக் கேட்டு, திசை மாற்ற வேண்டிய இடத்தில் "தொந்தரவு", "எரிச்சல்" போன்ற சொற்களைப் போடுங்கள்.

"முற்றிலும் உடன்படுகிறேன்" முதல் "முற்றிலும் உடன்படவில்லை" வரையிலான ஐந்து படிகள் கல்லூரியில் ஓடும். கிராமத்தில், வாசித்துக் காட்டிக் கேட்கும்போது, எல்லோரும் நடுவில் நிற்பார்கள் அல்லது எல்லாவற்றுக்கும் "ஆமாங்க" என்பார்கள். இரண்டு படியாகக் கேளுங்கள்: முதலில் சரியா, சரியில்லையா, பிறகு, ரொம்பவா, கொஞ்சமா. ஐந்து அளவில் வளரும் வட்டங்களை அட்டையில் வரைந்து விரல் வைக்கச் சொல்வதும் நன்றாக வேலை செய்யும். மருமகளிடம் கேட்கும்போது மாமியார் பக்கத்தில் இருந்தால் அந்தப் பதிலுக்கு மதிப்பில்லை. பெண் ஆய்வாளரோடு போய், தனியாகப் பேச முடிகிற நேரம் பார்த்துக் கேட்க வேண்டும். சாதி பற்றிய கேள்வி கருதுகோளில் இடம்பெற்றால் மட்டும், அதுவும் கடைசியில், சொல்ல விருப்பமில்லை என்ற வாய்ப்போடு வையுங்கள்.

எழுதி முடித்ததும் ஆறேழு பேரிடம் ஒவ்வொரு கேள்வியையும் வாசித்து, "இதுல என்ன கேக்குறாங்கன்னு நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். பாதிக் கேள்விகள் அங்கேயே மாறும். பிறகு 30 பேரிடம் முன்னோட்டம்.

எத்தனை பேர் வேண்டும் என்பதற்கு "சீனியர் 120 பேர் எடுத்தார்" என்பது பதிலாகாது. ஜி-பவர் என்ற இலவச மென்பொருள் கணக்கிட்டுத் தரும். 5 விழுக்காடு பிழை அளவு (இல்லாததை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு), 80 விழுக்காடு கண்டறியும் திறன் (இருப்பதைப் பிடிக்கும் வாய்ப்பு) என்ற வழக்கமான அமைப்பில், 0.30 ஒட்டுறவைக் காண ஏறக்குறைய 85 பேர் போதும், அது 0.20 என்றால் 195 பேர் வரை தேவை. இரண்டு குழுக்களுக்கு இடையே அரைத் திட்ட விலக்க வேறுபாட்டைப் பிடிக்கக் குழுவுக்கு 64 பேர்; வேறுபாடு 0.2 ஆகச் சுருங்கினால் குழுவுக்கு 394. களத்தில் கிடைக்கும் விளைவுகள் பெரும்பாலும் சிறியவை என்பதை நினைவில் வையுங்கள். அரைகுறைப் படிவங்களுக்காக 10–15 விழுக்காடு கூட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொரு பொறி: இரண்டு வகுப்புகளை எடுத்து, ஒன்றுக்கு வீடியோ காட்டி மற்றதற்குக் காட்டாமல் விட்டு, 120 பேரிடம் ஆய்வு செய்ததாக எழுதுவது. மாறியது வகுப்புதான், எனவே உங்களிடம் இருப்பது இரண்டே அலகு. ஆசிரியர் வேறு, நேரம் வேறு என்றாலும் இதே வித்தியாசம் வந்திருக்கும். ஒரே வகுப்புக்குள் சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள், முடியாவிட்டால் நிறைய வகுப்புகளைச் சேருங்கள்.

கூகுள் ஃபார்மை வாட்சாப் குழுக்களில் தட்டிவிடுவது எளிது. வரும் பதில்கள் உங்கள் நண்பர்களும் அவர்களின் நண்பர்களுமாகத்தான் இருக்கும். "தமிழ்நாட்டு இளைஞர்கள்" என்று முடிவுரையில் எழுத அது இடம் தராது. கல்லூரி வாசலில் நின்று எண்ணுவது இதைவிட நல்லது. காலை எட்டரை முதல் ஒன்பதரை வரை இருவர் தனித்தனியாக எண்ணுங்கள்: பின்னால் இருப்பவர் அணிந்தாரா, வார் பூட்டியதா. இருவர் பதிவும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை கோஹென் கப்பாவால் அளந்து, 0.7க்குக் கீழே வந்தால் வரையறையைத் திருத்துங்கள். மடியில் வைத்திருந்தால் "அணிந்ததா" என்பது போன்ற குழப்பங்கள் இதில்தான் தெரியவரும். எண்ணம் கணிசமாக மாறினாலும் நடத்தை அதைவிடக் குறைவாகவே மாறும் என்பது 2006இல் 47 பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்த செய்தி. ஆகவே படிவத்தில் சொன்னதோடு நிறுத்தாமல் நேரில் எண்ணியதையும் சேர்த்தால் உங்கள் ஆய்வேடு கூட்டத்திலிருந்து தனித்து நிற்கும்.

பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களிடம் கேட்டால் பெற்றோர் ஒப்புதலும் பிள்ளையின் சம்மதமும் இரண்டும் வேண்டும். முதலாண்டு வகுப்பில் பதினேழு வயதுக்காரர்கள் இருப்பார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகள் சமூக, நடத்தை ஆய்வுகளுக்கும் தனிப் பகுதி ஒதுக்கியுள்ளன. அதைப் படித்துவிட்டு விண்ணப்பத்தை எழுதினால் குழு திருப்பி அனுப்ப வேலை குறையும்.

தரவு கையில் வந்ததும் மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு நகலில் வேலை செய்யுங்கள். ஒரே விஷயத்தை அளக்கும் கேள்விகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கிரான்பாக் ஆல்ஃபா மிகக் குறைவாகவோ எதிர்மறையாகவோ வந்தால் பதறாமல், திசை மாறிய கேள்விகளைத் திருப்பிக் குறியிட்டீர்களா என்று பாருங்கள். பத்தில் எட்டு முறை அதுதான். எல்லாவற்றுக்கும் 3 என்று ஒரே கோடாக அடித்தவர்களை நீக்கும் விதியைத் தரவைப் பார்க்கும் முன்பே எழுதி வையுங்கள். கருதுகோளையும் பகுப்பாய்வுத் திட்டத்தையும் ஓப்பன் சயின்ஸ் ஃபிரேம்வொர்க் தளத்தில் முன்கூட்டியே பதிவு செய்யலாம், கட்டணம் இல்லை. முடிவு எதிர்பார்த்தபடி வராவிட்டாலும் அந்தப் பதிவு உங்களைக் காக்கும்.

வைவாவில் அதிகம் பேர் மாட்டிக்கொள்வது தலைப்பில் உள்ள ஒரே சொல்லால்: "தாக்கம்". ஒரே நேரத்தில் ஒரே படிவத்தில் கேட்ட இரண்டு விஷயங்களுக்கு இடையே இருப்பது தொடர்பு. எது எதைத் தாக்கியது என்று அந்த ஆய்வால் சொல்ல முடியாது. "தாக்கம்" வேண்டுமானால் குலுக்கிப் பிரித்த பரிசோதனை வேண்டும், இல்லாவிட்டால் தலைப்பில் "தொடர்பு" என்று போட்டுவிடுங்கள். புறத்தேர்வாளரின் முதல் கேள்வியே அங்கே தீர்ந்துவிடும்.

இன்டர்ன்ஷிப்பும் வேலையும்

முதலாண்டுக் கோடையில் கவுன்சலிங் மையத்தில் ஒரு மாதம் உட்கார்ந்து சான்றிதழ் வாங்குவதைவிட, களக் கணக்கெடுப்பு நடத்தும் ஆய்வு நிறுவனத்திலோ தொண்டு நிறுவனத்தின் மதிப்பீட்டுப் பிரிவிலோ சேருங்கள். ஜே-பால் தெற்காசியா, அசோகா பல்கலைக்கழகத்தின் சமூக மற்றும் நடத்தை மாற்ற மையம் போன்றவை இத்துறையில் வேலை செய்கின்றன. கோபோ டூல்பாக்ஸில் படிவம் அமைக்கவும், ஆரில் தரவைச் சுத்தம் செய்யவும் தெரிந்திருந்தால் ரிசர்ச் அசோசியேட் வேலைக்கு அழைப்பு வரும். தமிழ் பேசிக் களத்தில் ஆட்களை நடத்தத் தெரிவது கூடுதல் பலம். விண்ணப்பத்தோடு 120 பக்க ஆய்வேட்டை அனுப்பாதீர்கள். இரண்டு பக்கச் சுருக்கம், ஒரு வரைபடம், பகுப்பாய்வு நிரல் இருக்கும் இணைப்பு ஆகியவை போதும்.

கற்பித்தலோ முனைவர் பட்டமோ குறி என்றால் யுஜிசி நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு. முதல் தாளில் 50 கேள்வி, உளவியலில் 100, மூன்று மணி நேரம், தவறுக்குக் கழிப்பதில்லை. ஆகவே எதையும் விடாமல் அடியுங்கள். முதுநிலை இறுதியாண்டிலேயே எழுதலாம். 2024 ஜூன் சுற்றிலிருந்து ஜேஆர்எஃப் (ஆய்வு உதவித்தொகை), உதவிப் பேராசிரியர் தகுதி, முனைவர் பட்டச் சேர்க்கைக்கு மட்டும் என மூன்று அடுக்காக முடிவு வருகிறது. மூன்றாவது அடுக்கின் மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும் என்பதால், அந்த ஆண்டுக்குள் கைடைப் பேசி முடித்து விண்ணப்பித்துவிட வேண்டும்.